புகைப்படத்தில் உங்களுக்கென்று ஒரு பார்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவைக் கையாளத் தெரிந்துவிட்டது, படமும் தெளிவாக வருகிறது. ஆனால் யார் எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. என்ன குறை?

பெரும்பாலும் குறை எடுப்பதில் இல்லை, பொறுக்குவதில் இருக்கிறது. ஒரு மாலையில் 300 படம் எடுத்துவிட்டு, 'நன்றாக வந்த' 40 படத்தை வைத்துக்கொள்கிறோம். நன்றாக வந்தது என்றால் ஃபோகஸ் சரியாக இருக்கிறது, வானம் அழகாக இருக்கிறது, முகம் சிரிக்கிறது. இந்த அளவுகோல் ஊருக்கே பொதுவானது. அதில் சலித்தால் எல்லோர் சல்லடையிலும் ஒரே மாதிரிப் படங்கள்தான் மிஞ்சும்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955-ல் தொடங்கி அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றி 27,000 ஃப்ரேம்களுக்கு மேல் எடுத்தார். அதிலிருந்து 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்துக்குப் போனவை 83. அந்த 83-லும் கிரெயின் (ஃபிலிமின் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பு) மண்டியவை உண்டு, அடிவானம் சாய்ந்தவை உண்டு. தெளிவை மட்டும் பார்த்துப் பொறுக்கியிருந்தால் அவை முதல் சுற்றிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

எதை ஃப்ரேமுக்குள் விடுகிறீர்கள், எதை வெளியே தள்ளுகிறீர்கள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள், எந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறீர்கள், எடுத்ததில் எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்ற ஐந்திலும் ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் தேர்வைத்தான் இங்கே பார்வை என்கிறோம். கலர் டோன், ஃபில்டர் எல்லாம் அதன் மேல் அடிக்கும் பெயிண்ட்.

சரி, என் பார்வை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

புதிதாக எதையும் எடுக்காமலே தொடங்கலாம். கடந்த 2 ஆண்டுகளில் எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்த 100 படங்களை எடுங்கள். லைக் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். 10×15 செ.மீ. அளவில் மலிவாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும்போது ஒவ்வொரு படமும் தனி ஆளாக நிற்கும். நூறும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும்போதுதான் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

பிறகு ஒரு நோட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஆறு விஷயங்களைக் குறியுங்கள்: எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மனிதர் இருக்கிறாரா, முக்கியமான பொருள் ஃப்ரேமில் எங்கே இருக்கிறது, காலி இடம் எவ்வளவு. ஒரு மணி நேர வேலை. எண்ணிப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று 60-ஐத் தாண்டினால் அங்கே நில்லுங்கள்.

ஆனால் திரும்ப வருவதெல்லாம் பார்வை ஆகிவிடாது. 100-ல் 90 படம் கண் உயரத்தில் எடுக்கப்பட்டிருந்தால், நீங்கள் நின்றபடியே எடுத்தீர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை. அதுவே 65 படத்தில் மனிதர்கள் முதுகு காட்டிக்கொண்டு நின்றால், அதை யோசிக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. இரண்டு வாரம் வேண்டுமென்றே அதற்கு எதிராக எடுங்கள். ஒன்றும் இழந்த மாதிரித் தோன்றவில்லை என்றால் அது வெறும் பழக்கம். கை பரபரத்தால் அது உங்களுடையது.

இன்னொரு குவியலும் இருக்கிறது. சுமாரான படம், யாரிடமும் காட்டியதில்லை, ஆனாலும் அழிக்க மனம் வரவில்லை என்று ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பவை. பிடித்த நூறைவிட இந்தக் குவியலில்தான் அதிகம் கிடைக்கும் என்பது எங்கள் கருத்து.

ஒரே லென்ஸில் எடுத்துப் பழகச் சொல்கிறார்களே, எது? எவ்வளவு காலம்?

ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவுள்ள சென்சார்) கேமராவில் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. அதே கோணம் கிடைக்க, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 23 அல்லது 35, இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 17 அல்லது 25. பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத லென்ஸ்) இல்லையென்றால் வாங்க வேண்டியதில்லை. ஜூம் வளையத்தை அந்த எண்ணில் வைத்து, பசை மிஞ்சாத காகித டேப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று மாதம் டேப்பைக் கழற்றக் கூடாது.

காரணம் இதுதான்: ஒரு படத்தில் முன்னால் இருப்பது எவ்வளவு பெரிதாக, பின்னால் இருப்பது எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம்தான். நின்ற இடத்திலேயே ஜூம் செய்தால் வெட்டும் அளவு மட்டும் மாறும், அந்த உறவு மாறாது. ஜூம் இல்லையென்றால் கால்தான் வேலை செய்ய வேண்டும். நிற்கும் ஒருவரைத் தலை முதல் கால் வரை செங்குத்து ஃப்ரேமில் அடக்க, 35-ல் சுமார் 2 மீட்டர், 50-ல் சுமார் 3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த ஒரு மீட்டரில் படத்தின் குணமே மாறிவிடும். 2 மீட்டரில் அவர் உங்களைக் கவனித்தே ஆவார். 3 மீட்டரில் கவனிக்காமலும் இருக்கலாம். இதில் எந்தத் தூரம் உங்களுக்கு இயல்பாக இருக்கிறது என்பதே பாதி விடை.

இரண்டாவது வாரத்தில் எல்லாமே தொலைவில் இருப்பதாகத் தோன்றும். வேறு லென்ஸ் வாங்கும் ஆசை வருவது அப்போதுதான். அதைத் தாண்டிவிட்டால், ஒன்றரை மாதத்தில் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகும் முன்பே எங்கே நிற்பது என்று கால்களுக்குத் தெரிந்திருக்கும்.

35, 50 என்பது வேதவாக்கு இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தெரு வாழ்க்கையைப் பெரும்பாலும் 50-ல் எடுத்தார். நியூயார்க் கலைஞர் சால் லைட்டரோ அதே தெரு வாழ்க்கையை, தூரத்தை அருகே இழுக்கும் டெலிஃபோட்டோ லென்ஸ் வழியாகவும், மழை வழிந்த கண்ணாடி வழியாகவும் எடுத்தார். பழகும் காலத்தில் ஒன்றில் நிற்பதுதான் முக்கியம்.

செல்போன் போதுமா?

போதும், அதன் குணம் தெரிந்திருந்தால். முதன்மை கேமரா பொதுவாக 24 முதல் 28 மி.மீ.க்குச் சமமான அகலக் கோணம். அதை 40 செ.மீ. தூரத்தில் ஒருவர் முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு புடைத்து, காது சுருங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். திரையில் தொட்டு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) பூட்டிக் கொஞ்சம் கீழே இழுங்கள். இல்லாவிட்டால் நிழலையெல்லாம் போனே நிரப்பிவிடும், நீங்கள் செய்ய வேண்டிய தேர்வை அது செய்துவிடும். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். விளக்குகளைச் சுற்றிப் படரும் மங்கலில் பாதி, விரல் ரேகைதான்.

எக்ஸ்போஷர் சரியாக இருந்தால் போதாதா? அதில் என்ன பார்வை?

சரியான எக்ஸ்போஷர் என்று கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளப்பது) சொல்வது ஒரு சராசரி. மீட்டருக்கு வெள்ளைச் சுவர் எது, கறுப்புத் துணி எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால்தான் ஃப்ரேமை வெள்ளைச் சுவர் நிறைத்திருந்தால் படம் அழுக்காகவும், கறுப்புத் துணி நிறைத்திருந்தால் சாயம் போனதாகவும் வருகிறது. வெள்ளைக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்வதை ஏற்றி இறக்கும் அமைப்பை; +1 என்றால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம்) +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள், கறுப்புக்கு அதே அளவு இறக்குங்கள். இது திருத்தம்.

தேர்வு வேறு. ஒரே காட்சியை −2, −1, 0, +1, +2 என ஐந்தாக எடுங்கள். கேமராவை அசைக்காதீர்கள். அடுத்த நாள் எண்ணைப் பார்க்காமல் பிடித்த ஒன்றை எடுத்து வையுங்கள். இதை 20 காட்சிகளில் செய்தால் சிலருக்கு −1 திரும்பத் திரும்ப வரும். நிழல் நிழலாகவே கிடப்பது அவர்களுக்குப் பிடிக்கிறது. +1 வருகிறவர்களுக்கு விவரத்தைவிட வெளிச்சத்தின் மென்மை முக்கியம்.

இந்தப் பயிற்சியை ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) செய்யுங்கள். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறச் சானலுக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256. பின்னால் திருத்த இடம் இருக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: முழுக்க வெளுத்துப்போன இடத்தில் ராவிலும் ஒன்றும் இருக்காது. இருட்டை 3 ஸ்டாப் தூக்கினாலோ புள்ளியும் நிறத் திட்டுகளும் எழும்பும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளுப்பு வரையிலான பரவலின் வரைபடம்) ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வருவது, அதனால் வெளுப்பு எச்சரிக்கை ராவைப் பொறுத்தவரை சற்று முன்கூட்டியே மினுக்கும்.

வெளிச்சத்தைப் பார்க்க எப்படிக் கற்றுக்கொள்வது?

ஒரு முட்டை, ஒரு வெள்ளைக் காகிதம், நேர் வெயில் விழாத ஒரு ஜன்னல். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கேமராவை முக்காலியிலோ புத்தக அடுக்கிலோ வையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, லென்ஸ் துளை எஃப்/5.6 என்று பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் திசை. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி எடுத்தால் முட்டை தட்டையான வட்டமாகத் தெரியும். பக்கவாட்டில் வைத்தால் உருண்டை ஆகும். முட்டைக்குப் பின்னால் ஜன்னல் வந்தால் விளிம்பு மட்டும் ஒளிரும், உடல் இருளும்.

பிறகு தூரம். ஜன்னலுக்கு அரை மீட்டர் அருகே முட்டை பளிச்சென்று இருக்கும், அறையின் பின்சுவர் இருட்டில் விழும். அதே முட்டையை 2 மீட்டர் உள்ளே நகர்த்தி ஷட்டரைச் சரிசெய்தால் சுவரும் முட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு தெரியும். பின்னணியைக் கறுப்பாக்க அங்கே கறுப்புத் துணி கட்ட வேண்டியதில்லை, பொருளை வெளிச்சத்தின் பக்கம் நகர்த்தினாலே போதும். இதைப் புரிந்துகொள்ளாமல் விளக்கு வாங்குகிறவர்கள் நிறைய. நிழலின் ஓரத்தையும் பாருங்கள்: ஜன்னல் அருகே ஓரம் கரைந்திருக்கும், தள்ளிப் போகப்போகக் கூர்மையாகும். முட்டைக்கு ஜன்னல் சிறியதாகத் தெரியத் தொடங்குகிறது, அதுதான் காரணம்.

கடைசியாக, நிழல் பக்கம் 20 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள், பிறகு அதே இடத்தில் கறுப்பு அட்டை. வெள்ளை நிழலைத் தூக்கும், கறுப்பு இன்னும் அழுத்தும். மொத்தம் 20 படம் போதும். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் செய்தால் இன்னும் நல்லது.

முட்டையும் ஜன்னலும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். செக் புகைப்படக் கலைஞர் ஜோசப் சூடெக் பிராகில் தன் ஸ்டூடியோ ஜன்னலை 1940-லிருந்து 1954 வரை எடுத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் வழியும் ஈரம், பனி, வெளியே ஒரு கோணல் மரம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் அவர், பெரிய மரக் கேமராக்களை ஒற்றைக் கையால் கையாண்டார்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பின்பற்ற வேண்டுமா?

ஃப்ரேமை நெடுக்கும் குறுக்குமாக மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி இது. நடுவிலேயே எல்லாவற்றையும் வைக்கும் பழக்கத்தை உடைக்க ஒரு மாதம் பயன்படுத்துங்கள். அப்புறம் கட்டக் கோடுகளை அணைத்துவிடுங்கள்.

அதைவிடப் பயன் தருவது ஓரங்களைப் பார்க்கும் பழக்கம். ஷட்டரை அழுத்தும் முன் கண்ணை நான்கு ஓரங்களிலும் ஒரு சுற்று ஓட்டுங்கள், அரை நொடிதான் ஆகும். பாதி வெட்டுப்பட்ட கை, மூலையில் எட்டிப் பார்க்கும் பளிச்சென்ற பிளாஸ்டிக் பை, தலையில் முளைத்த கம்பம் எல்லாம் அங்கேதான் மாட்டும். அடிப்படை நிலை டிஎஸ்எல்ஆர்களின் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) ஃப்ரேமில் 95 சதவீதத்தைத்தான் காட்டும், அதனால் பார்க்காத ஒன்று ஓரத்தில் வந்து நிற்பது சகஜம்.

பின்னால் கிராப் செய்தால் (ஓரத்தை வெட்டினால்) தவறா? இல்லை. கிராப் செய்வதை வெறுத்த கார்ட்டியே-பிரெஸ்ஸோன், 1932-ல் பாரிஸில் செயின்ட் லசார் ரயில் நிலையத்தின் பின்னால் ஒருவர் தேங்கிய நீரைத் தாண்டும் தருணத்தை எடுத்தார். அவருடைய மிகப் புகழ்பெற்ற அந்தப் படமே கிராப் செய்யப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. ஆனால் எல்லாப் படத்தையும் கிராப் செய்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால், நீங்கள் இரண்டு அடி பின்னால் நிற்கிறீர்கள்.

கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கலையாகத் தெரிகிறதே?

கலர் சரியில்லாத படத்தைக் காப்பாற்ற மாற்றினால், சரியில்லாத கறுப்பு வெள்ளைப் படம் கிடைக்கும். சிவப்புச் சட்டை பச்சை இலைகளுக்கு முன்னால் கலரில் பளிச்சென்று பிரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஆள் காணாமல் போய்விடலாம். எடுக்கும்போதே தெரிய வேண்டுமானால், ஃபைலை ராவில் வைத்துப் பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமுக்கு மாற்றுங்கள். திரையிலும் எலக்ட்ரானிக் வியூஃபைண்டரிலும் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் நிறம் அப்படியே இருக்கும். எடிட்டிங்கில் வானத்தைக் கறுப்பாக்க நீல ஸ்லைடரை ஒரேயடியாக இறக்காதீர்கள். வானம் புள்ளி தட்டும், கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடும்.

ஒரு நல்ல பிரீசெட் பிடித்துக்கொண்டால் அது என் பாணி ஆகாதா?

பிரீசெட் என்பது வேறொருவர் வேறொரு வெளிச்சத்தில் செய்த திருத்தத்தின் எண்கள். அவருடைய படம் +0.5-ல், மாலை வெயிலில் இருந்திருக்கும். உங்களுடையது நண்பகல் நிழலில் இருந்தால் முகம் ஆரஞ்சாகும் அல்லது சேறாகும். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் முதலில் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாய்வு), எக்ஸ்போஷர் இரண்டையும் சரிசெய்துவிட்டு, பிரீசெட்டைப் பாதி வலிமையில் போடுங்கள்.

எடிட்டிங் பார்வையின் பகுதி இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அவசரத்தில் லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை, நிலாவின் பிரகாச அளவு நினைவில் இருந்ததால் அதிலிருந்து கணக்குப் போட்டார். ஒரே நெகட்டிவ். அதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்டில் வானம் மேகத்தோடு வெளிறியிருக்கும். பிற்காலத்தில் அதே வானம் கிட்டத்தட்டக் கரும்பாறை. அவர் மனதில் இருந்த வானத்தை நோக்கி நெகட்டிவை நகர்த்திக்கொண்டே போயிருக்கிறார். பிரீசெட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருக்கிறது: ஆடம்ஸுக்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருந்தது.

300 படத்திலிருந்து 10 படத்துக்கு எப்படி வருவது?

எடுத்த அன்றே பொறுக்காதீர்கள். அன்றைக்குப் படத்தைப் பார்ப்பதில்லை, அந்த மாலையை நினைத்துக்கொண்டிருப்போம். இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் கேரி வினோகிராண்ட் இதே காரணத்துக்காக ஃபிலிம் ரோல்களை நெடுநாள் கழுவாமல் வைப்பாராம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. எனவே காத்திருப்பதற்கும் ஓர் எல்லை வேண்டும்.

முதல் சுற்றில் படங்களைச் சிறிய கட்டங்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி, உண்டு இல்லை என்று மட்டும். பெரிதாக்காதீர்கள், பெரிதாக்கினால் கூர்மையைத்தான் பார்ப்பீர்கள். 300 சுமார் 40 ஆகும். அடுத்த நாள் ஒரே மாதிரியானவற்றைக் கூட்டமாகச் சேர்த்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: மூன்று படமும் நன்றாக இருக்கிறது என்று மூன்றையும் வைத்துக்கொண்டால், மூன்றும் பலவீனமாகும். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு படத்தையும், எடுத்த கதையைச் சொல்லாமல் ஒருவரிடம் காட்ட முடியுமா என்று கேளுங்கள். 'இதை எடுக்க நாலு மணி நேரம் காத்திருந்தேன்' என்பது படத்தில் தெரியாது.

நீக்கியவற்றை உடனே அழிக்க வேண்டாம். ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கத் தனிக் கோப்புறையில் போடுங்கள்.

தொடர் ஒன்று செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

எதை மாற்றாமல் வைக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து. ஜெர்மனியின் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-லிருந்து தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், எரிவாயுக் கலன்கள் போன்றவற்றை எடுத்தார்கள். நேர் எதிர்க் கோணம், மேகமூட்டமான வானம், பெரிய ஃபார்மட் கேமரா, கறுப்பு வெள்ளை. எல்லாம் பூட்டப்பட்டதால் மாறும் ஒன்று, அந்தக் கட்டுமானத்தின் உருவம், கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

உங்களுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. தூரம், வெளிச்சம், கேமரா உயரம், ஃப்ரேமின் வடிவம் ஆகிய நான்கில் இரண்டைப் பூட்டினால் போதும். பொருள் சிறியதாக இருக்கட்டும். 'தனிமை' என்று தலைப்பு வைத்தால் எதையும் எடுக்கலாம், எதையும் விடலாம், மூன்றாம் வாரம் நின்றுவிடும். 'சாத்திய கடைகளின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள்' என்றால் நாளைக் காலையே வேலை இருக்கிறது. 60 படம் சேர்ந்ததும் 15-ஆகக் குறையுங்கள். பிரிண்டுகளைத் தரையில் வரிசைப்படுத்தும்போது எடுத்த தேதியை மறந்துவிடுங்கள். பக்கத்துப் படத்தின் கோடோ நிறமோ பார்வையின் திசையோ அடுத்ததில் தொடரட்டும். ஒரு படத்தை எடுத்துவிட்டாலும் தொடர் அப்படியே இருந்தால், அந்தப் படம் தேவையில்லை.

பிடித்த கலைஞரைப் பார்த்து அதேபோல் எடுப்பது காப்பிதானே?

பயிற்சிக்காகச் செய்து வீட்டோடு வைத்துக்கொண்டால் குற்றமில்லை. ஒரே படத்தை முடிந்தவரை அப்படியே மறுபடி எடுத்துப் பாருங்கள். எங்கே பொருந்தாமல் போகிறது என்று கவனியுங்கள், அந்த இடத்தில் அவர் செய்த முடிவு தெரியவரும். மூன்று கலைஞர்களோடு நிறுத்துங்கள், அதுவும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களாக. ஒருவரை மட்டும் பின்பற்றினால் நிழலாகிவிடுவீர்கள்.

படத்தைப் பற்றிக் கருத்து யாரிடம் கேட்பது?

'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'சூப்பர்' என்றுதான் வரும். படத்தைப் பத்து நொடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். புகைப்படம் எடுக்காதவரிடம் கேட்பது இன்னும் நல்லது. நீங்கள் முக்கியம் என்று நினைத்ததை அவர் சொல்லவே இல்லையென்றால் படத்தில் அது இல்லை. வாதாட வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போட எவ்வளவு மெகாபிக்சல் வேண்டும்? பிரிண்ட் ஏன் இருட்டாக வருகிறது?

கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கு. 20×30 செ.மீ.க்கு 2362×3543, அதாவது சுமார் 8.4 மெகாபிக்சல். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 பிக்சலும் போதும்.

இருட்டாக வருவதற்குப் பெரும்பாலும் பிரிண்டர் காரணமில்லை. திரை முழுப் பிரகாசத்தில் இருந்தபோது எடிட் செய்திருப்பீர்கள். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அருகே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசமாகத் தெரியும்வரை திரையைக் குறையுங்கள். பிறகு படத்தை மறுபடி திறந்து திருத்துங்கள். முதலில் ஒரு சிறிய சோதனைப் பிரிண்ட் போட்டு, அது எந்த இடத்தில் தொங்கப் போகிறதோ அந்த வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்த பிறகு பெரியதைப் போடுங்கள்.